டேங்க் மூடியைத் திறந்ததும் வந்த உயிர்

குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறை ஏற்றத்தில் என் ஒற்றை சிலிண்டர் பைக் மூன்றாவது முறையாக அணைந்தது. பத்து நிமிடம் ஆறவிட்டால் கிளம்பும். இருபது நிமிடம் ஓடினால் மீண்டும் இருமி நிற்கும். தீப்பொறி தரும் பிளக், காயில் இரண்டையும் மாற்றி ஏற்கெனவே பணத்தைக் கரைத்திருந்தேன்.

உடன் வந்த அண்ணனிடமும் மலைக்கும் சாலைக்கும் பொதுவான வண்டிதான்; ஆனால் அவருடையது இன்ஜெக்‌ஷன், என்னுடையது கார்புரேட்டர். "டேங்க் மூடியைத் திற" என்றார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அரை நிமிடத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால், என் கார்புரேட்டர் வண்டியில் தன் எடையால் மட்டுமே இறங்கும் பெட்ரோல் டேங்கிலேயே நின்றுவிடும். பம்ப் தள்ளும் அவர் வண்டியில் இந்த அடைப்பு இவ்வளவு சீக்கிரம் தெரியாது.

வீட்டுக்கு வந்து, டேங்குக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி ஊதினேன், அசையவில்லை. ரப்பர் தோட்டத்துச் செம்மண் என்று நினைத்தேன். மெல்லிய கம்பியால் குடைந்தால் உதிர்ந்தது குளவிக்கூடு! மழைக்காலம் முழுக்க வண்டியைத் தாழ்வாரத்தில் கிடத்தியவன் நான்தான். குழாய் முனையில் இப்போது சிறு வலைத் துண்டு கட்டியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அதே ஏற்றத்தில் ஒருமுறைகூட அணையவில்லை.