உடற்பருமன் என்ற முத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளினிக் கொப்பியில் எழுதப்படும் ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரைச் சுகதேகி என்றோ நோயாளி என்றோ முடிவுகட்டிவிடுவது, யாழ்ப்பாணத்தில் நாம் அன்றாடம் காணும் தவறு. நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. இந்தக் கணக்கை 1830களில் வகுத்த பெல்ஜிய நாட்டவரான அடோல்ப் கெற்றலே மருத்துவர் அல்லர். மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்த புள்ளியியலாளர். தசையும் எலும்பும் கொழுப்பும் இந்தக் கணக்கில் ஒரே நிறைதான். ஆகவே கோப்பாய்ச் செம்மண்ணில் மண்வெட்டி பிடித்து உரமேறிய தோட்டக்காரருக்கும், நாள் முழுதும் கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கும் ஒரே சுட்டி வரலாம்.

எந்த அட்டவணையைப் பார்க்கிறோம் என்பதிலும் பிழை நேர்கிறது. பொதுவான உலக அளவீட்டில் 25 முதல் அதிக நிறை, 30 முதல் உடற்பருமன். ஆசிய மக்களுக்குக் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருவதைக் கண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23, 27.5 ஆகிய எல்லைகளையும் கவனிக்கச் சொன்னது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 76 கிலோ இருந்தால் அவரது சுட்டி ஏறத்தாழ 27.9. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கைபேசிச் செயலி அவரை ‘சற்று அதிக நிறை’ என்று சொல்லக்கூடும்; ஆசிய எல்லையின்படி அவர் உடற்பருமன் உடையவர். உடல் ஒன்றுதான், கோடு மாறியதால் பெயர் மாறுகிறது.

எனினும் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது, மெலிந்தவர்கள் அடையும் நிம்மதி. என் பெரியப்பாவின் உயரமும் அதே 165 சென்ரிமீற்றர். நிறை 62 கிலோ, சுட்டி 22.8. “எனக்கென்ன வருத்தம், நான் ஒல்லிதானே” என்பார். இடுப்பளவைக் கேட்டால், காற்சட்டை அளவான 34 அங்குலத்தை (ஏறத்தாழ 86 சென்ரிமீற்றர்) சொல்வார். ஆனால் அவர் காற்சட்டையையும் சாரத்தையும் கட்டுவது தொப்பைக்குக் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் நாடாவைச் சுற்றிப் பார்த்தபோது 96 சென்ரிமீற்றர் இருந்தது. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எச்சரிக்கை எல்லை. அதன் பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில், வெறுவயிற்றுச் சீனி 148 என்று வந்தது. நீரிழிவு என்று கொள்ளும் எல்லை 126.

இது அவருக்கு மட்டும் உரியதன்று. 2004இல் லான்செற் என்ற மருத்துவ இதழில் மருத்துவர்களான யாஜ்னிக், யூட்கின் ஆகியோர் தம் இருவரின் அளவுகளையே வெளியிட்டார்கள். இருவருக்கும் சுட்டி 22.3, உடற்கொழுப்போ இந்தியரான யாஜ்னிக்குக்கு 21.2 வீதம், ஆங்கிலேயரான யூட்கினுக்கு 9.1 வீதம்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் எல்லைகளைப் பொருத்தவே கூடாது. வயதுக்கும் பாலுக்கும் உரிய வளர்ச்சி வரைபையே பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இந்த எல்லைகள் பொருந்தா. முதியவர்களில் தசை கரைந்து கொழுப்பு கூடினாலும் தராசு அதே எண்ணைக் காட்டும் என்பதால், ‘நிறை மாறவில்லை’ என்பதை நற்செய்தியாக மட்டும் கொள்ள முடியாது.

இன்னொரு பக்கத் தவறும் உண்டு. சுட்டி கூடியவர் எல்லோரும் நோயாளிகள் என்று எண்ணுவது அது. 2025 ஜனவரியில் வெளியான லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கை, சுட்டியோடு இடுப்பளவு போன்ற இன்னோர் அளவையும் பார்த்தே உடற்பருமனை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. மிகை கொழுப்பினால் உறுப்புகளின் செயற்பாடோ அன்றாட நடமாட்டமோ பாதிக்கப்பட்டிருந்தால் அதை நோயாகவும், அப்படிப் பாதிப்பு இல்லாவிட்டால் நோய்க்கு முந்திய நிலையாகவும் அது பிரிக்கிறது. முன்னவருக்குச் சிகிச்சை தேவை. பின்னவருக்குக் கண்காணிப்பும் ஆலோசனையும் தேவை.

கலியாண வீட்டு வாசலிலேயே “நல்லாக் கொழுத்துப் போனாய்” என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொல்பவருக்கு அவளது இடுப்பளவோ, சீனியோ, இரத்த அழுத்தமோ தெரியாது. அந்தச் சொல்லுக்குக் கூசி, நிறை பார்ப்பார்களே என்று கிளினிக்கையே தவிர்க்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய கொப்பியில் அந்த எண்கூட எழுதப்படுவதில்லை.