அபியா – பாகோ பாகோ விமானப் பயணம்: தூரமும் நேரமும் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் பசிபிக்கில், சமோவாவின் உபோலு தீவிலுள்ள ஃபாலேஓலோ விமான நிலையத்துக்கும் அமெரிக்க சமோவாவின் துத்துயிலா தீவிலுள்ள பாகோ பாகோ விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுப்பவர், ஒரு நாளையே தவறவிட நேரலாம்.

தூரக் கணக்கில் நேரும் பிழைகள் சிறியவை. வான்வழித் தூரத்தைக் கடல்மைலில் குறிப்பதே வழக்கம் என்பதால், இங்கே 81 என்ற எண்ணைச் சாதாரண மைலாகக் கொண்டால் 20 கிலோமீட்டர் குறைந்துவிடும். அபியா நகரை ஒட்டிய ஃபாகாலி என்னும் சிறு விமான நிலையத்திலிருந்து அளந்தால் தூரம் சுமார் 125 கிலோமீட்டராகிறது. அந்நிலையம் இடையிடையே மூடப்பட்டும் திறக்கப்பட்டும் வந்திருப்பதால், சீட்டில் எந்த நிலையம் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஃபாலேஓலோ என்றால் நகரிலிருந்து சாலைவழிப் பயணத்துக்கே, வானில் பறக்கும் நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும்.

பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தைக் கொண்டு வகுத்து, பத்துப் பதினோரு நிமிடத்தில் போய்விடலாம் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. டுவின் ஆட்டர் போன்ற சிறிய விமானங்கள் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவிலேயே செல்பவை. இப்பகுதியில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் வணிகக் காற்றின் எதிர்ப்பு மணிக்கு 35 கிலோமீட்டர் என்று கொண்டால், போகும்போது சுமார் 37 நிமிடமும், அதே காற்று துணைநிற்கும் திரும்பு பயணத்தில் 29 நிமிடமும் ஆகும். ஏற்ற இறக்கமும் ஓடுபாதையில் நகரும் நேரமும் இதில் சேரவில்லை.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது நாள்காட்டிதான். சமோவா 2011 டிசம்பர் 30ஆம் தேதியைத் தன் நாள்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுடனான வணிக வசதிக்காகச் சர்வதேச நாள்கோட்டின் மேற்குப் பக்கத்துக்கு மாறியது; அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டது. இதனால் இரண்டு இடங்களிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், தேதியோ ஒரு நாள் தள்ளியிருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. செவ்வாய் காலை 10 மணிக்கு அபியாவில் ஏறியவர், திங்கள் காலை பத்தரை மணியைத் தாண்டிப் பாகோ பாகோவில் இறங்குவார்.

எனவே பாகோ பாகோவிலிருந்து திங்கள் இரவு ஹோனலூலுவுக்குச் செல்ல வேண்டியவர் செவ்வாய்க்கிழமைச் சீட்டுதான் எடுக்க வேண்டும். திங்கள் என்று எடுத்தால் ஞாயிறு அன்றே போய் இறங்கி, ஒரு நாள் விடுதிச் செலவை ஏற்க வேண்டியதாகும். அதுவாவது பணத்தோடு போகும். எதிர்த்திசைப் பிழைக்கு மீட்சியில்லை: ஃபாலேஓலோவிலிருந்து செவ்வாய் இரவு ஆக்லாந்து விமானத்தைப் பிடிக்க எண்ணி, பாகோ பாகோவில் செவ்வாய் காலை ஏறுபவர் இறங்கும்போது அங்கே புதன்கிழமையாகியிருக்கும்.

பழைய குறிப்புகளில் சில மாதங்களுக்கு 25 மணி நேர வேறுபாடு என்றிருக்கலாம். சமோவா 2021இல் கோடைகால நேரமாற்றத்தைக் கைவிட்டதிலிருந்து ஆண்டு முழுவதும் வேறுபாடு 24 மணி நேரமே.