வீட்டுக் கம்ப்யூட்டரை மொபைலில் திறக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். பத்திர நகல், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், மாங்காய் மண்டிக் கணக்கு எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும். கேட்கிற நேரத்தில் நாம் 50 கிலோமீட்டர் தள்ளி இருப்போம். போன வருஷம் ஓசூரில் கடன் விஷயமாக ஒரு வங்கியில் உட்கார்ந்திருந்தபோது தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேட்டார்கள். மொபைலிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க முந்தின வாரம்தான் எல்லாம் செய்து வைத்திருந்தேன். திறந்தால் ஆஃப்லைன் என்றது. வீட்டில் யாரும் இல்லை. மறுநாள் திரும்பப் போக வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். பவர் செட்டிங்கில் திரை மட்டும் அணையும்படி வைத்து, ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள். லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் தூங்காதபடி மாற்ற வேண்டும். இன்னொன்று கரண்ட். கோடை மழை காற்றோடு வந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். டெஸ்க்டாப்பின் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்), கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் வசதி பெரும்பாலும் இருக்கும்; அதைப் போட்டு வையுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது உண்மையிலேயே ஆபத்தான தவறு. வீடியோ பார்த்து, ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை வெளியே திறந்துவிடுகிறார்கள். அது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின், அதாவது கம்ப்யூட்டர் திரையை வேறிடத்திலிருந்து திறந்து வேலை செய்யும் வசதியின் வாசல். அப்படித் திறந்திருக்கும் வாசல்களை இராப்பகலாகத் தேடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் இணையத்தில் ஏராளம். கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். உள்ளே வந்துவிட்டால் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, இப்படி ஃபைல்களைப் பூட்டும் வானாக்ரை வைரஸ், விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே ஒரு பெரிய ஓட்டை தெரியவந்து, மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூடத் திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு ஆகாது.

போர்ட்டைத் திறக்காமலே வேலை நடக்கும். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை (கருவிகளை இணையம் வழியாகத் தனிப் பாதையில் இணைக்கும் ஆப்) கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் போதும், இரண்டும் ஒரே வீட்டு வைஃபையில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். விண்டோஸில் அதன் 'ரன் அனட்டெண்டட்' வசதியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, யாரும் லாகின் செய்யாமல் இருக்கும்போது தொடர்பு கிடைக்காது.

சரி, உங்களுக்கு வேண்டியது ஃபைலா, திரையா? ஒரு பிடிஎஃப்புக்காக முழு டெஸ்க்டாப்பையும் கையகலத் திரையில் நகர்த்தித் திண்டாட வேண்டாம். ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, நெட்வொர்க் ஃபோல்டரைத் திறக்கத் தெரிந்த ஃபைல் மேனேஜர் ஒன்றை மொபைலில் வைத்துக்கொண்டால் போதும். டாலி போல கம்ப்யூட்டரிலேயே ஓடும் மென்பொருள் வேண்டுமென்றால்தான் திரை. விண்டோஸ் ஹோம் பதிப்பை ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியிலிருந்து திறக்க முடியாது. அதற்காகக் கிராக் (பூட்டை உடைக்கும் திருட்டு மென்பொருள்) தேடாதீர்கள், அதே வேலையைச் செய்ய கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வழியாகவே வீட்டுக் கம்ப்யூட்டரின் எந்த ஃபைலையும் எடுக்கலாம் என்று பழைய குறிப்புகளில் பார்த்தால் விட்டுவிடுங்கள். அந்த வசதி 2020 ஜூலையோடு நின்றுவிட்டது.

ஷேர் செய்யும்போது சி டிரைவ் முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். விண்டோஸைத் திறக்கும் பின் நம்பரைப் போட்டால் ஷேர் ஏற்காது, கணக்கின் பாஸ்வேர்டுதான் கேட்கும். அது மறந்துபோயிருக்கும். உடனே பாஸ்வேர்டே வேண்டாம் என்று அணைத்துவிடுகிறோம். அப்புறம் நம் வைஃபையில் யார் வந்தாலும் எல்லாமே அவர்கள் கையில். இதற்கென்றே தனி யூசர், நீளமான பாஸ்வேர்டு, ஒரே ஒரு ஃபோல்டர், படிக்க மட்டும் அனுமதி என்று வையுங்கள். மொபைலில் கை தவறி அழித்த ஃபைல் கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும்.

எனிடெஸ்க் மாதிரி, ஒரு எண்ணைக் கொடுத்தால் வேறொருவர் நம் திரையைப் பார்த்து இயக்கக்கூடிய ஆப் வைத்திருப்பவர்கள், வீட்டில் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வங்கியிலிருந்து என்று சொல்லி யார் கூப்பிட்டாலும் அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. இந்த ஏமாற்று பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேச வேண்டும். மொபைல் தொலைந்தால், வேறொரு கருவியில் உங்கள் டெயில்ஸ்கேல் கணக்கைத் திறந்து அந்த மொபைலை நீக்குங்கள்.

எல்லாம் முடித்ததும் வீட்டு வைஃபையிலேயே திறந்து பார்த்துவிட்டு, வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். நானும் அப்படித்தான் நம்பினேன். மொபைலில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் பாருங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் ஒரு முறை பாருங்கள். தொடாமல் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இப்போதெல்லாம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் ஏறியதும் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிடுகிறேன். திறக்கவில்லை என்றால் இறங்கி வீட்டுக்குப் போய்வர அப்போது நேரம் இருக்கும்.