கவுன்டர்-ஸ்டிரைக் 1.6-ஐ இன்றும் விளையாட விரும்புவோருக்கு

கவுன்டர்-ஸ்டிரைக் என்பது அணிகளாக மோதும் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு; 1.6 அதன் பழைய பதிப்பு. 2004-இல் அதன் புதிய பதிப்பான கவுன்டர்-ஸ்டிரைக்: சோர்ஸ் வெளிவந்தபோது, படங்களும் வெளிச்சமும் மேம்பட்டிருந்தும் பலர் 1.6-ஐ விட்டு நகரவில்லை. 2005-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சைபர் கேம்ஸ் என்ற பன்னாட்டுக் கணினி விளையாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குச் சோர்ஸைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களே மறு ஆண்டு 1.6-க்குத் திரும்பினார்கள். நகர்வின் கூர்மையும் துப்பாக்கி உதைக்கும் விதமும் கைக்குப் பழகியவர்களுக்குப் புதியது மந்தமாகவே பட்டது, எனக்கும் அப்படித்தான்.

முதலில் விளையாட்டை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலேயே வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திருட்டுப் பிரதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெலனார்ட் என்ற தீநிரல் 1.6-இன் பாதுகாப்பு ஓட்டைகள் வழியாகப் பரவி, ஏறத்தாழ 5,000 சர்வர்கள் கொண்ட பட்டியலில் 1,951 போலிச் சர்வர்களை உருவாக்கியிருந்ததை டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனம் 2019-இல் கண்டறிந்தது. அதன் குறி ஸ்டீம் பிரதியும்தான் என்றாலும், திருட்டுப் பிரதியில் ஓட்டைகள் இன்னும் அதிகம். ஆகவே தெரியாத சர்வருக்குள் நுழைந்ததும் ஏதேனும் கோப்பைத் திறக்கவோ நிறுவவோ கேட்டால், உடனே வெளியேறிவிடுங்கள்.

அமைப்புகளில் செய்ய வேண்டியது குறைவு. ஆப்ஷன்ஸ் பகுதியில் மவுஸுக்கான 'ரா இன்புட்' என்பதை இயக்கினால், விண்டோஸின் வேக முடுக்கம் குறுக்கிடாமல் கையசைவு அப்படியே திரைக்கு வரும். வீடியோ பகுதியில் ஓப்பன்ஜிஎல்-ஐத் தேர்ந்தெடுங்கள். வினாடிக்கு 100 ஃபிரேம் என்ற இயல்பான வரம்பைத் தாண்டும் ஆசை வேண்டாம். இந்தப் பழைய எஞ்சினில் ஃபிரேம் எண்ணிக்கை நகர்வையே சிறிது மாற்றிவிடுவதால், பல சர்வர்கள் கூடுதல் ஃபிரேமை அனுமதிப்பதில்லை. சர்வர் பட்டியலில் ஆட்களின் எண்ணிக்கையைவிட லேட்டன்சியை (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் தாமதத்தை) முதலில் பாருங்கள். நெரிசலான தொலைதூரச் சர்வரைவிட, ஆறு பேர் இருக்கும் அருகிலுள்ள சர்வரில்தான் குறி சரியாக விழும்.

தனியாகப் பயிற்சி செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களான பாட்கள் 1.6-உடன் வருவதில்லை. இதே தொடரின் இன்னொரு விளையாட்டான கண்டிஷன் ஜீரோவில் அவை இருப்பதால், பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

புதிய பதிப்பை விரும்பாதவருக்கு 1.6 தரும் பெரிய உறுதி, சர்வர் நம் கையில் இருப்பதே. 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்டிரைக் 2 வந்து அதற்கு முந்தைய பதிப்பான குளோபல் அஃபென்ஸிவின் இடத்தையே எடுத்துக்கொண்டபோது, பழையதில் அதிகாரபூர்வ மேட்ச்மேக்கிங் (நிறுவனத்தின் சர்வர்களே ஆட்களைச் சேர்த்துவிடும் வசதி) நின்றுபோனது. மேட்ச்மேக்கிங்கை நம்பாத 1.6-க்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே வீட்டிலோ அலுவலகத்திலோ கணினிகள் ஒரே ரவுட்டரில் இணைந்திருந்தால், ஒருவர் 'நியூ கேம்' வழியாக டஸ்ட் 2 போன்ற மேப்பைத் தொடங்கினால் போதும். மற்றவர்களுக்கு அது சர்வர் பட்டியலின் 'லேன்' பகுதியில் தெரியும். நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால், ஸ்டீமின் கட்டளைவரிக் கருவியான ஸ்டீம்சிஎம்டி மூலம் டெடிகேட்டட் சர்வரை (ஆட்டத்தை நடத்த மட்டுமே ஓடும் சர்வர் மென்பொருளை) இலவசமாக இறக்கி, ரவுட்டரில் யுடிபி 27015 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். உங்களுக்குத் தனிப் பொது ஐபி முகவரி தராத இணைய இணைப்பாக இருந்தால் இந்த வழி பலிக்காது; அப்போது உங்கள் நகரத்துக்கு அருகிலுள்ள டேட்டா சென்டரில் சிறிய விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, சர்வரை அங்கே ஓட்டுங்கள்.