‘ஃபினிஸெ’: ஒரு பிரெஞ்சு வினைவடிவத்தைப் பிரித்துப் படிக்கும் முறை

‘அவர்கள் முடித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதைப் பிரெஞ்சில் ‘இல் ஃபினிஸெ’ என்பார்கள். இந்த வினையை எழுத எஃப், ஐ, என், ஐ, எஸ், எஸ், ஏ, ஐ, ஈ, என், டி என 11 எழுத்துகள் வேண்டும். ஆனால் காதில் விழுபவை 6 ஒலிகளே.

முதலில் சொல்லின் உறுப்புகளைப் பிரியுங்கள். ‘ஃபினிர்’ என்ற வினையின் நிகழ்காலத் தன்மைப் பன்மையான ‘ஃபினிஸோன்’ வடிவத்தில் கடைசி மூன்று எழுத்துகளை (ஓ, என், எஸ்) நீக்கினால் அடிச்சொல் கிடைக்கும். அதனுடன் ஏ-ஐ-ஈ-என்-டி என்ற விகுதியைச் சேர்த்தால் நம் வடிவம். ‘எத்ர்’ (இருத்தல்) ஒன்றைத் தவிர எல்லா வினைகளுக்கும் இவ்வழி பொருந்தும். (இந்த விகுதியில் முன்பு ஏ இருக்கும் இடத்தில் ஓ எழுதப்பட்டது, பிரெஞ்சு அகாதெமி 1835ஆம் ஆண்டு அகராதிப் பதிப்பில்தான் இன்றைய எழுத்துமுறையை ஏற்றது.)

அடுத்து அசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்று எண்ணுங்கள்: ஃபி-னி-ஸெ. எழுத்தில் வரி முடிவில் உடைக்கும்போது இரண்டு எஸ்களுக்கும் நடுவே உடைப்பார்கள். அதைப் பார்த்து நம் ‘பச்சை’யைப் போல அழுத்திவிடக் கூடாது. உயிரெழுத்துகளுக்கிடையே ஒற்றை எஸ் வந்தால் அது அதிர்வுள்ள ‘ஸ’ (ஆங்கில இசட் ஒலி) ஆகிவிடும் என்பதால்தான் இங்கே இரட்டித்து எழுதுகிறார்கள்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் விகுதி. படர்க்கைப் பன்மை வினையில் ஈ-என்-டி ஒலிக்காது. பெயர்ச்சொல்லில் அதே மூன்றும் மூக்கொலியாகும். சி, ஓ, யு, வி என்பவற்றோடு இவை சேர்ந்த ஒரே எழுத்துக்கூட்டு, கன்னிமாடம் என்ற பெயராக வந்தால் ‘கூவான்’, அடைகாக்கின்றன என்ற வினையாக வந்தால் ‘கூவ்’. அதேபோல் ‘ஃபினிஸ்’ என்று ஈரசையில் நின்றால் முடிக்கிறார்கள், ‘ஃபினிஸெ’ என்று மூவசையானால் இறந்தகாலம். ஆகவே இறுதி எகரத்தை விழுங்கினால் காலமே மாறிவிடும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், கவனமான பேச்சில் இறுதி டி உயிர்பெற்று ஒலிப்பதும் உண்டு.

ஒலிப்பைச் சரிபார்க்க, ஆங்கில எழுத்தில் தரப்படும் தோராயக் குறிப்புகளைவிட, அனைத்துலக ஒலியெழுத்தைத் தரும் இணைய அகராதியான விக்சனரியின் பிரெஞ்சுப் பதிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

பின்சேர்க்கை: தன்மைப் பன்மை இறந்தகால வடிவத்துக்கு நான்கு அசையா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அங்கே வரும் ஐ-ஓ-என்-எஸ் விகுதியின் ஐ தனி உயிராகாமல் யகரமாகிறது. எனவே ஃபி-னி-ஸ்யோன் என மூன்றே அசைகள்.