'பை', 'அன்டில்': காலக்கெடு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதப் பழகுகிறவர்களின் வரைவுகளைத் திருத்தும்போது, 'பை', 'அன்டில்' என்னும் இரு சொற்களும் இடம் மாறி நிற்பதை அடிக்கடி காண்கிறேன். முன்னது 'குள்', பின்னது 'வரை' என்பது பலரும் அறிந்ததே. சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

வினையைக் கவனியாமை

அனுப்புதல், செலுத்துதல் போல ஒருமுறை நிகழ்ந்து முடியும் வினைக்கு 'பை' வரும். காத்திருத்தல், தங்குதல் போல நீடிக்கும் வினைக்கு 'அன்டில்' வரும். 'ஐ வில் பி தேர் பை ஃபைவ்' என்றால் 5 மணிக்குள் அங்கு வந்துவிடுவேன் என்று பொருள். அங்கே 'அன்டில்' எழுதினால், 5 மணி வரைதான் இருப்பேன் என்றாகிவிடும்.

எதிர்மறையில் 'அன்டில்'

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 20ஆம் தேதிக்குள் சரக்கை அனுப்ப இயலாது என்று தெரிவிக்க எண்ணிய ஒருவர், 'வீ கெனாட் சென்ட் த கூட்ஸ் அன்டில் த ட்வென்டியத்' என்று எழுதி அனுப்பிவிட்டார். கடிதத்தைப் படித்தவரோ 20ஆம் தேதி சரக்கு புறப்பட்டுவிடும் என்று கொண்டு, அதை இறக்கிவைக்க ஆளும் இடமும் ஏற்பாடு செய்துவிட்டார். படித்தவர்மீது பிழையில்லை. எதிர்மறை வினையோடு 'அன்டில்' சேர்ந்தால், அந்த நாளில்தான் அது நிகழும் என்பதே இயல்பாகக் கொள்ளப்படும் பொருள். 'பை' எழுதியிருந்தால், அந்த நாளுக்குள் முடியாது என்பது மட்டும் தெரிந்து, பிறகு எப்போது என்ற கேள்வி உடனே எழுந்திருக்கும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால், எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் இதைச் சுட்டிக்காட்டாது. ஆகவே எதிர்மறை வாக்கியம் எழுதும்போதெல்லாம், 'எப்போது அனுப்புவோம்' என்பதை அடுத்த வாக்கியத்தில் தனியாகச் சொல்லிவிடுங்கள் என்றே வற்புறுத்துகிறேன்.

'போடாத வரை'

'அவர் கையெழுத்துப் போடாத வரை பணம் வராது' என்பது நல்ல தமிழ். அதையே 'அன்டில் ஹி டஸின்ட் சைன்' என்று மாற்றுவது பிழை. மறுப்பு 'அன்டில்' என்பதிலேயே அடங்கியிருப்பதால் 'அன்டில் ஹி சைன்ஸ்' என்றால் போதும்.

'அன்டில் ஹி வில் கம்'

'வில்' வேண்டாம், 'அன்டில் ஹி கம்ஸ்'.

'பை ஹி கம்ஸ்'

'பை த டைம் ஹி கம்ஸ்' என்று எழுதுங்கள்.

'விதின் ஃபைவ் ஓ கிளாக்'

'விதின்' கால அளவையே ஏற்கும்: 2 நாள், 3 மணி நேரம். கடிகாரம் காட்டும் நேரத்துக்கு 'பை'.