பூட்டனைத் தேடிப் போய் நான் சறுக்கிய இடங்கள்

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "நீங்கள் கொழும்பிலைதானே இருக்கிறியள். எங்கடை பூட்டன்ரை சென்சஸ் பேப்பரை ஒருக்கா எடுத்து அனுப்புங்கோவன்."

அவள் கேட்டதில் பிழையில்லை. கனடாவில் 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் வீட்டுத் தாள்களை 92 வருஷம் கழித்து 2023இல் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 72 வருஷம், இங்கிலாந்தில் 100 வருஷம். அங்கே ஆட்கள் குடிசனத் தாளில் ஆரம்பித்து, கல்லறையில் போய் முடிப்பார்கள். அதே வழியில் இங்கே தேடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நானும் அதைச் செய்தேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, சுவடிகள் திணைக்களத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்தேன்.

இலங்கையில் முதலாவது முழுமையான குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. அச்சான அறிக்கைகளில் ஊர்வாரிக் கணக்குகூட இருக்கிறது. ஆனால் எல்லாம் எண்ணிக்கைதான், ஆளின் பெயர் இல்லை. தனி ஆளின் விபரத்தை வெளியிடச் சட்டமும் விடாது. அப்போ அந்த அறிக்கைகள் வீணா? இல்லை, ஊரின் அளவையும் காலத்தையும் விளங்கிக்கொள்ள உதவும். அதிலும் கவனம் வேண்டும். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணத் தொடங்கியது 1911இல். அதற்கு முந்திய "தமிழர்" என்ற தொகையில் யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள்.

அடுத்த தவறு, கல்லறை தேடி அலைவது. சைவக் குடும்பம் என்றால் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்திருப்பார்கள். கல் எங்கிருந்து வரும்? வேதக்காரக் கிளை இருந்தால் கதை வேறு. 1814இல் வெஸ்லியன் மிஷன், 1816இல் அமெரிக்க மிஷன் வந்த பிறகு சேர்ந்தவர்களின் பெயர் தேவாலயப் பதிவேட்டில் இருக்கும், சிலருக்குக் கல்லும் இருக்கும். ஆங்கிலப் பெயராக இருக்கிறதே, எங்கள் ஆள் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் கறோல் விசுவநாதபிள்ளையின் "கறோல்" அந்த வகை.

கல்லைப் பார்த்தவுடன் சோக்குக்கட்டியால் தேய்ப்பது, கம்பித் தூரிகையால் உரசுவது, அமிலம் ஊற்றுவது எல்லாம் அநியாயம். வடக்கில் சுண்ணக்கல் நிறைய, அது சும்மாவே பொரிந்து கொட்டும். மெல்லிய தூரிகையும் தண்ணீரும் போதும். அப்புறம் பின்னேரம் போய், டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும்.

வடமராட்சியில் ஒரு தேவாலய வளவில் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் கல் இருக்கிறது. அதில் ஆண்டு ௧௮௬௧ என்று வாசித்து, 1861 என்று கொப்பியில் எழுதிக்கொண்டு கொழும்புக்கு வந்துவிட்டேன். தமிழ் இலக்கத்தில் ௧ என்பது "க" மாதிரி, ௯ என்பது "கூ" மாதிரி. அந்த வால் தேய்ந்தால் ஒன்பது ஒன்றாகிவிடும். இரண்டாம் முறை வெளிச்சம் சரித்துப் பார்த்தபோதுதான் வாலின் அடிப்பள்ளம் தெரிந்தது: ௧௮௬௯. எட்டு வருஷம் பிசகு. அந்த எட்டு வருஷத்தால் ஒரு தகப்பனையும் மகனையும் நான் அண்ணன் தம்பியாக்கி வைத்திருந்தேன். கல்லில் இருக்கும் வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிள்ளைகள் கையில் காசு வந்த பிறகு நட்ட கல்லாக இருக்கலாம், வயது அவர்களின் உத்தேசமாக இருக்கலாம்.

சைவக் குடும்பங்களுக்குக் கல் இல்லையே தவிர, "கல்வெட்டு" உண்டு. ஆள் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கொடுக்கும் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். அலுமாரியில் பழைய சேலைகளுக்குக் கீழே கிடக்கும். தேவாரத்தோடு வம்சாவளியும், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் அதில் இருக்கும். இதைப் பார்க்காமல் அரச அலுவலகமான கச்சேரிக்கு ஓடுவது வீட்டில் விளக்கை வைத்துக்கொண்டு நெருப்புக்கு அலைவது போல.

ஆனால் திதி வெண்பாவிலும் ஒரு குழி இருக்கிறது, அது தமிழ் வருஷக் கணக்கு. என் பூட்டன் போன நாளை அப்பப்பா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்: சார்வரி வருஷம், தை மாதம். அறுபது வருஷச் சுழற்சியில் சார்வரி 1900இலும் வரும், 1960இலும் வரும். 1960இல் பூட்டன் இல்லை என்பது தெரியும், ஆகவே 1900 என்று மரணப் பதிவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதிவு இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டு மாதம் அந்தக் கந்தோரைத் திட்டித் தீர்த்தேன். பிழை என்னுடையது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. சார்வரியின் தை என்றால் 1901 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை. திருத்திக் கொடுத்ததும் பத்திரம் வந்தது. தை, மாசி, பங்குனி என்று கண்டால் ஒரு வருஷம் கூட்டிப் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் சறுக்காத ஆள் இல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பதால் வேலுப்பிள்ளை கந்தையா, கந்தையா வேலுப்பிள்ளை, மறுபடி வேலுப்பிள்ளை கந்தையா என்று போகும். இரண்டு தலைமுறையை ஒரே ஆளாக ஒட்டிவிடுவது மிகச் சுலபம். ஊரில் கந்தர் என்பார்கள், பத்திரத்தில் கந்தையா, ஆங்கிலத்தில் எழுதியவன் கையில் இன்னும் ஏதோ ஒன்று. வேலாயுதர் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் "வெலாதர்" மாதிரி நிற்பார். எழுத்துக்கூட்டல் ஒத்துவரவில்லை என்று ஆளை விடாதீர்கள், ஒத்துவருகிறது என்பதற்காகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். "வேளாளர்" என்று கண்டால் அது சாதி. ஆங்கிலப் பத்திரத்தில் பயிர்ச்செய்கையாளர் என்று இருந்தால் அது தொழில், எந்தச் சாதிக்காரரும் அதில் அடங்குவார். "கமக்காரர்" என்ற சொல்லை ஊரில் இரண்டு அர்த்தத்திலும் பாவித்திருக்கிறார்கள்.

சரி, கமம் செய்த மனிதன் தன் பெயரை எங்கே விட்டுப் போவான்? காணியில். இதை நான் கடைசியாகத்தான் கண்டுபிடித்தேன், முதலாவதாகத் தேடியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. காணிப் பதிவகத்தில் ஆளின் பெயரைச் சொன்னால் கையை விரிப்பார்கள். அங்கே பக்கம் திறப்பது காணிக்கு. காணிப் பெயரோ, பழைய உறுதியின் (காணிப் பத்திரத்தின்) இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் திகதியுமோ வேண்டும். ஆகவே சொந்தக்காரரிடம் "பூட்டன்ரை பெயர் என்ன" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்தத் துண்டிலை புகையிலை வைச்சவர்" என்றும் கேளுங்கள்.

உறுதி கிடைத்தால் விற்றவர், வாங்கியவர் பெயரோடு கண்ணை எடுத்துவிடுவது பெரிய நட்டம். எல்லைகளை வாசியுங்கள். கிழக்கு இன்னார் பெண்சாதி இன்னார், வடக்கு இன்னார் உரிமைக்காரர் என்று நாலு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். ஒரு தகப்பன் காணியைப் பங்கு பிரித்திருந்தால் அந்த நாலு பேரில் ஒருவரிருவராவது கூடப்பிறந்தவர்களாக இருக்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். ஆண்வழியை மட்டும் பிடித்துப் போனால் பாதிக் காணி கண்ணில் படாது, பாதிக் குடும்பமும் படாது. மட்டக்களப்புப் பக்கம் என்றால் குடி (குலம்) தாய்வழியில் போகிறது, தகப்பன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே அசையவே முடியாது.

எங்கள் அப்பாச்சியின் சீதன உறுதியில் மேற்கு எல்லையாக "வள்ளி, விதவை" என்று ஒருத்தி இருக்கிறாள். அந்தத் துண்டு பூட்டனின் காணியில் பிரிந்ததுதான். எந்த வம்சாவளியிலும் அவள் பெயர் இல்லை. மச்சாளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "சென்சஸ் எங்கை?" என்று கேட்டவள், அரை மணித்தியாலத்தில் திரும்ப எழுதினாள்: "அண்ணை, வள்ளி ஆர்?"

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், அந்த மேற்குத் துண்டின் பெயரைக் கேட்க.